ஓசூரில் இப்போது எத்தனை பேர்?

ஓசூரின் மக்கள்தொகை எவ்வளவு என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். இணையத்தில் தேடினால் 1,16,821 என்று ஒன்று வரும், சுமார் 2.45 லட்சம் என்று இன்னொன்று வரும். இரண்டுமே 2011 கணக்கெடுப்பின் எண்கள்தான், இரண்டுமே சரிதான். முதலாவது பழைய நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள். இரண்டாவது ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, மத்திகிரி, ஆவலப்பள்ளி என்று பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்து விரித்த எல்லைக்குள் அதே 2011இல் இருந்தவர்கள். 2019இல் மாநகராட்சி ஆனது இந்த விரிந்த ஓசூர்தான். அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் யாரையும் எண்ணவில்லை. 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை, அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். ஆக, நாட்டிலேயே வேகமாக மாறிக்கொண்டிருக்கும் ஊர்களில் ஒன்றைப் பற்றி நம்மிடம் இருப்பது, இன்றைக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த எண்.

நடுவில் இருப்பதெல்லாம் வாய்க்கணக்கு. ஆட்டோக்காரர் ஐந்து லட்சம் என்பார். சைட் விற்கிற புரோக்கர் கண்ணை மூடிக்கொண்டு பத்து என்பார். எங்கள் அண்ணியைக் கேட்டால், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல போய் நின்னு பாரு, அப்புறம் வந்து கேளு" என்பார்.

நான் இருப்பது பெங்களூரில், ஈஜிபுராவில். இவனுக்கு எதற்கு ஓசூர் கணக்கு என்று கேட்கலாம். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். அண்ணன் பொம்மனஹள்ளியில் வாடகைக்கு இருந்தார், வீடு மாறும் ஒவ்வொரு முறையும் பத்து மாச அட்வான்ஸ் என்கிற கூத்துக்கு ஈடு கொடுத்துப் பார்த்தார், கடைசியில் தளி ரோட்டுப் பக்கம் ஒரு சைட் வாங்கி வீடு கட்டிக் கொண்டு போய்விட்டார். அத்தை மகன் லீசுக்கு இருந்த வீட்டை ஓனர் இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறேன் என்றதும் பிள்ளைகளோடு ஓசூருக்கு மாறினான். சித்தி பெண்ணுக்கு மாப்பிள்ளை ஓசூரில் அமைந்தது, அது வேறு கதை. நாற்பது கிலோமீட்டர்தானே என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த நாற்பதும் நானூறு ஆகும், அதையும் அவர்களே சொல்கிறார்கள்.

ஓசூர் வளர்கிறது, வளர்கிறது என்று எல்லோரும் பேசுகிறோம். ஆனால் யாரால் வளர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே பிறக்கிற குழந்தைகளால் வளரவில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், கர்நாடகத்தில் 1.7. வெளியிலிருந்து யாரும் வராமல் ஜனத்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் சொந்தக்காரர்களின் ஊர்களுக்குப் போனால் இது கண்ணுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள், திண்ணையில் பெரியவர்கள், வேலைக்குப் போகிற வயசில் ஒருத்தரும் கிடையாது. அந்த வயசுக்காரர்கள் எல்லோரும் ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்.

ஆட்கள் வந்து சேர்ந்தது ஒரே தடவையில் இல்லை. முதலில் வந்தது சிப்காட் கூட்டம். எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, எண்பதையொட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், எண்பதுகளின் நடுவில் டைட்டன் கடிகாரமும் வந்தன. சேலம், திருநெல்வேலி, கோயம்புத்தூர், கேரளம் என்று எங்கிருந்தெல்லாமோ ஐடிஐ, டிப்ளமா முடித்துவிட்டு வந்தவர்கள் நிரந்தர வேலை வாங்கி, லோன் போட்டு வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, இப்போது ரிட்டயர் ஆகி, காலையில் ராமநாயக்கன் ஏரியைச் சுற்றி நடக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஓசூரில் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பெங்களூர், சென்னை, இல்லாவிட்டால் அமெரிக்கா.

அடுத்த கூட்டம் எங்கள் கூட்டம், பெங்களூரில் கட்டுப்படியாகாமல் போனவர்கள். பெங்களூர் நகர மாவட்டத்தில் 2001இல் 65 லட்சம் பேர், 2011இல் 96 லட்சம். பத்தே வருஷத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிட்டது. 2010இல் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்ததும் ஓசூர் கிட்டத்தில் வந்துவிட்ட மாதிரி ஆனது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோவும் வந்துவிட்டது. அங்கிருந்து மாநில எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வரை நீட்டவேண்டும் என்று தமிழ்நாடு கேட்கிறது. இரண்டு பக்கத்து மெட்ரோவுக்கும் மின்சார முறை வேறே, ஒத்துவராது என்கிறது கர்நாடகம். எங்கள் அண்ணன் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. தினமும் காலையில் கர்நாடகத்துக்கு வேலைக்கு வருகிறார், ராத்திரி தமிழ்நாட்டில் தூங்குகிறார். அவருடைய ஓட்டு ஓசூரில், பிஎஃப் பொம்மசந்திராவில், மருத்துவச் செலவு இன்னும் ஜெயநகரில். அவரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? கணக்கெடுப்புக்காரர் "வழக்கமா எங்கே தங்குவீங்க" என்று கேட்பார், ஓசூர் என்று எழுதிக்கொண்டு போவார். பகல் முழுக்க அவர் குடிக்கிற தண்ணீரும், மிதிக்கிற ரோடும் பெங்களூருடையவை. இதே மாதிரி பெங்களூர் விலாசத்தோடு ஓசூர் கம்பெனிகளுக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவர்களும் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியாக வந்தவர்கள்தான் ஊரையே மாற்றியவர்கள், கணக்கில் சுத்தமாக இல்லாதவர்களும் அவர்கள்தான். வடக்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து தங்கியிருக்கும் ஹாஸ்டல் பிள்ளைகள்.

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் மாமா ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். போன தடவை போனபோது இந்த மக்கள்தொகைப் பேச்சை எடுத்தேன். "நம்பர் நம்பர்னு பேசறியே மாப்ள, இந்த ரேக்கைப் பாரு" என்று நிறுத்தி வைத்துக் காட்டினார். நல்லெண்ணெய் இருந்த தட்டில் பாதியைக் கடுகெண்ணெய் பிடித்திருக்கிறது, அதுவும் சின்னச் சின்ன பாட்டிலாக. ரவை பக்கத்தில் சத்து மாவு பாக்கெட். நம் ஊர் சத்துமாவு இல்லை, பீகார்க்காரர்கள் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற கடலை மாவு. கோதுமை மாவு ஐந்து கிலோ மூட்டை நிறைய போகிறது, ஒரே அறையில் இருக்கிற நாலைந்து பையன்கள் சேர்ந்து வாங்குகிறார்கள். ஒடிசாக்காரர்களும் அசாம்காரர்களும் அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை. பெண்கள் ஹாஸ்டல் இரண்டு பக்கத்திலேயே வந்ததிலிருந்து, பிஸ்கட்டுக்கு அடுத்தபடியாகப் போவது நாப்கின் பாக்கெட்தான் என்று கூச்சமே இல்லாமல் சொன்னார். வியாபாரிக்குக் கூச்சம் எதற்கு?

என்னை யோசிக்க வைத்தது ரேக்கை விட அவருடைய கடன் நோட்டு. முன்னெல்லாம் மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு சாமான் சீட்டு வரும். துவரம்பருப்பு இரண்டு கிலோ, புளி ஒரு கிலோ, பூஜை சாமான், பாப்பாவுக்கு பிஸ்கட் என்று ஒரு பக்கத்துக்கு நீளும், பையன் டிவிஎஸ் ஃபிப்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவான், நோட்டில் எழுதிக்கொள்வார், சம்பளம் வந்ததும் தீர்ப்பார்கள். அந்த நோட்டு மெலிந்துவிட்டது. குடும்பமாக இருக்கிறவர்கள் ஆன்லைனில் வாங்குகிறார்கள், இல்லாவிட்டால் பெரிய கடைக்குப் போகிறார்கள். இப்போது கடைக்கு வருகிறவர்கள் நாள் சாமான் வாங்குகிறவர்கள். ஐந்து ரூபாய் ஷாம்பு, பத்து ரூபாய் சோப்புத்தூள், ஒரு வேளைக்கு நூடுல்ஸ், போனைக் காட்டிப் பணம் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கடன் கேட்க மாட்டார்கள், மாமாவும் கொடுக்க மாட்டார். "நாளைக்கு இருப்பாங்களோ, வேற கம்பெனி போயிருப்பாங்களோ, யார் கண்டா?" காலை ஐந்தரைக்கே கடையைத் திறந்துவிடுகிறார். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் தெருவில் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற நேரம் அது.

இன்னொன்றும் சொன்னார். முன்னால் வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஊர் காலியாகும், பொங்கலுக்கு. இப்போது இரண்டு தடவை. பொங்கலுக்கு நம் ஆட்கள் ஊருக்குப் போகிறார்கள், கடை ஹாஸ்டல் பையன்களை நம்பி ஓடுகிறது. தீபாவளியை ஒட்டி பீகார்ப் பக்கத்தவர்களின் சட் பூஜை வருகிறதே, அப்போது அவர்கள் ரயிலேறுகிறார்கள், கடையில் ஈ ஓட்டவேண்டியதுதான். யார் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரிவது இப்படித்தான். எந்தப் பண்டிகைக்கு எத்தனை நாள் வியாபாரம் படுத்தது என்பதை வைத்து அவர் போடுகிற கணக்கை நான் அரசாங்கக் கணக்கை விட நம்புகிறேன்.

இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது ரகசியமில்லை. ஓசூரிலிருந்து தெற்கே கெலமங்கலம் தாண்டிப் போகிற பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்கள் செய்கிறது, வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2022இல் ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்திலிருந்து பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் ரயிலில் வந்தது செய்தியிலேயே வந்தது. ஏதர் மின்சார ஸ்கூட்டர் கம்பெனி 2021இலேயே ஓசூருக்கு வந்துவிட்டது. இவை தவிர அவற்றுக்கு ஸ்க்ரூ, ரப்பர், அட்டைப்பெட்டி செய்து தருகிற சின்னச் சின்னப் பட்டறைகள், அப்புறம் இத்தனைக்கும் கட்டடம் கட்டுகிறவர்கள். பீகாரில் ஒரு பெண்ணுக்கு மூன்று குழந்தைகள் என்கிறது அதே குடும்பநலக் கணக்கெடுப்பு. அங்கே வயசுப் பிள்ளைகள் அதிகம், வேலை குறைவு. இங்கே வேலை இருக்கிறது, அதைச் செய்ய நம் வீடுகளில் பிள்ளைகள் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டையும் இன்ஜினியர் ஆக்கிவிட்டோம். வேறென்ன நடக்கும்?

இவர்களை நம்பி ஊருக்குள் ஒரு தனி வீட்டுத்தொழிலே உண்டாகியிருக்கிறது. முப்பதுக்கு நாற்பது சைட்டில் மூன்று மாடி, மாடிக்கு ஆறு அறை, பொதுக் கழிப்பறை, வாடகை வீட்டுக்கு இல்லை, தலைக்கு. ரோஜா வளர்த்த கூடாரங்களைப் பிரித்துவிட்டு லேஅவுட் போட்டவர்கள் எத்தனையோ பேர். ரோஜாவுக்கு மருந்தடிக்கவேண்டும், ஏற்றுமதி விலை விழுந்தால் தலையில் கை வைக்கவேண்டும். வாடகை ஒன்றாம் தேதி வந்துவிடும்.

சரி, எண்ணாவிட்டால் என்ன கெட்டுப்போகிறது? தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துக்கும் ஃப்ளோரைடு இல்லாத தண்ணீர் வேண்டும் என்று ஜப்பான் கடனில் கொண்டுவந்த நல்ல திட்டம். ஆனால் எந்தக் குடிநீர்த் திட்டமும் இன்ன வருஷத்தில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு கணிப்பை வைத்துத்தான் குழாய் போடும், கணிப்பு தப்பினால் மிச்சத்தை டேங்கர் லாரிதான் நிரப்பவேண்டும். அண்ணன் தெருவில் வாரத்துக்கு இரண்டு தடவை டேங்கர் வருகிறது. ஊருக்குப் பக்கத்திலேயே தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது, அதில் தண்ணீரும் இருக்கிறது, குடிக்கத்தான் முடியாது. நந்தி மலையில் பிறந்து வருகிற அந்த ஆற்றில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகப் பெங்களூர்ச் சாக்கடை கலக்கிறது. மழை பெய்து மதகைத் திறந்தால் ஆறு முழுக்க வெள்ளை நுரை பொங்கி நிற்கும், செய்தியில் பார்த்திருப்பீர்கள். பெங்களூர் தன் ஆட்களை மட்டும் ஓசூருக்கு அனுப்பவில்லை, அவர்கள் குளித்த தண்ணீரையும் சேர்த்தே அனுப்புகிறது.

அப்புறம் ஓட்டு. ஓசூர் மாநகராட்சிக்கு 45 வார்டுகள், 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்கு ஓட்டு ஜார்க்கண்டில், ரேஷன் கார்டு அங்கே அம்மா பெயரில். ஒரே நாடு ஒரே ரேஷனில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது, இங்கேயே வாங்கலாம்தான். ஆனால் இங்கே வந்திருக்கும் பிள்ளை தன் பங்கை இங்கே வாங்குவதை விட, ஊரில் வீட்டுக்கு அது போகட்டும் என்றுதான் நினைக்கும். ஆக, வார்டு கவுன்சிலர் பார்வையில் அந்தப் பிள்ளை ஆளே இல்லை. தெருவில் சாக்கடை அடைத்தால் கேட்க அவளுக்கு வாய் கிடையாது, கேட்டாலும் காது கிடையாது. குப்பை மட்டும் அவள் பெயரில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. ஓசூரில் மண்டபம். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். வடக்கத்தி ஆட்கள் வந்து ஊரே நாசமாகிவிட்டது, எங்கே பார்த்தாலும் இந்தி, பெண் பிள்ளைகளை ராத்திரி வெளியே அனுப்ப முடியவில்லை, நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. இதில் அதிகம் பேசினவர் யார் என்றால், பெங்களூரிலிருந்து குடிபோய் இன்னும் பெயின்ட் வாசனை போகாத வீட்டில் இருக்கிற சித்தப்பா.

எனக்கு எரிச்சலாக வந்தது. "சித்தப்பா, தாத்தா ஏன் பெங்களூருக்கு வந்தாரு?" என்று கேட்டேன். எங்கள் தாத்தா வடஆற்காட்டிலிருந்து பஞ்சத்துக்குப் பயந்து பிழைக்க வந்தவர். பின்னி மில்லில் வேலை செய்த தமிழர்கள், கன்டோன்மென்ட்டில் கட்டட வேலைக்கும் சமையல் வேலைக்கும் வந்தவர்கள், ஸ்ரீராம்புரத்திலும் அல்சூரிலும் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தவர்கள், அவர்களைப் பார்த்து அன்றைக்குக் கன்னடக்காரர்கள் என்ன பேசினார்களோ அதையே வார்த்தை மாறாமல் இன்றைக்கு நாம் பேசுகிறோம். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது எங்கள் தெருவில் இருந்த பாதிக் குடும்பங்கள் மூட்டையோடு போய் நின்றது அத்திப்பள்ளியைத் தாண்டித்தான். 2016 செப்டம்பரிலும் பஸ் எல்லாம் எல்லையில் நின்றுவிட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜூஜூவாடிக்கு நடந்து போனார்கள். அன்றைக்கு ஓசூர்க்காரர்கள் நம்மை உள்ளே விட்டார்கள்.

அந்த ஓசூர்க்காரர்கள் யார் என்று பார்த்தால் அது இன்னும் வேடிக்கை. சுற்றுவட்டக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாய் இருக்கிறவர்களில் தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும்தான் நிறைய. பாகலூர், தளி, பேரிகை எங்கே போனாலும் வயசானவர்கள் மூன்று மொழியில் புழங்குவார்கள், சந்தையில் இன்னும் அப்படித்தான். சிப்காட் நிலத்தைக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். தமிழ் பேசுகிற வெளியூர்க்காரர்களாக நாம் வந்து இறங்கியபோது அவர்கள் எண்ணிக்கையில் சுருங்கியது பற்றி யாரும் மண்டபத்தில் உட்கார்ந்து கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பின் தாய்மொழி அட்டவணை வெளியே வரவே 2018 ஆயிற்று. 2027இல் எண்ணி, அதே வேகத்தில் வெளியிட்டால், ஓசூரில் யார் என்ன பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியும்போது அந்த ஹாஸ்டல் பிள்ளைகளில் பாதிப் பேர் ஊர் திரும்பிக் கல்யாணம் கட்டியிருப்பார்கள்.

சித்தப்பா சொன்னதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வாடகை ஏறிவிட்டது, உண்மை. பக்கத்துக் கிராமத்துப் பெண்ணை விட்டுவிட்டு ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற பெண்ணை ஏன் எடுக்கிறார்கள் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. உள்ளூர்ப் பிள்ளைக்கு அப்பா, அம்மா, மாமா, கட்சிக்காரர் என்று பின்னால் நாலு பேர் இருப்பார்கள், பண்டிகைக்கு லீவு கேட்கும், பிரச்சினை என்றால் கேட்டில் வந்து நிற்பார்கள். தூரத்திலிருந்து வந்த பிள்ளைக்கு ஹாஸ்டல் வார்டனைத் தவிர யாரும் இல்லை. கோபப்படுவதாக இருந்தால் இந்த ஏற்பாட்டின் மேல் படலாம். கடுகெண்ணெய் மேல் எதற்கு? இதைச் சொன்னதும் சித்தப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார், ஏற்கெனவே கழுவியிருந்தும்.

அதே வளைகாப்பில்தான் மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு போனில் ஒரு லேஅவுட் படம் காட்டினார். 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகள் என்று அறிவித்தாரே, பேரிகை–பாகலூர் பக்கம் இடமும் பார்த்திருக்கிறார்கள், அதற்குப் பக்கத்தில் சைட் போட்டிருக்கிறார்களாம், இப்போதே வாங்கினால் உண்டு, விமான நிலையம் வந்தால் ஊர் இருபது லட்சம் ஆகுமாம். பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் வேறொன்று வரக்கூடாது என்று 2033 வரைக்கும் ஒப்பந்தம் இருக்கிறதே என்றேன். "அதுக்குள்ள விலை ஏறிடும் மாப்ள" என்றார். இருபது லட்சம் பேர் என்று யார் எண்ணிச் சொன்னது என்று கேட்டேன். புரோக்கர் சொன்னாராம். தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்டேன். போர் போட்டுக்கொள்ளலாமாம். எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் போன் பண்ணவில்லை, ஆனால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்று அண்ணி சொன்னார்.